ரோமைக் கோட்டை விட்ட கதை: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 சொந்த கேம்பைன், ஆடிப் பார்த்தவர்கள் வாருங்கள்

மேப்_தச்சன் எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த கேம்பைன் ஒருவழியாக ஆடும் நிலைக்கு வந்துவிட்டது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் ஆட்டத்தின் டெஃபனிடிவ் எடிஷனில் ஐந்து சினாரியோ, அதாவது தொடர்கதையாக ஆடுகிற ஐந்து மேப். 376-ல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் டான்யூப் கரையில் வந்து நிற்பதில் தொடங்கி, 468-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் பக்கத்தில் ரோமக் கப்பற்படை எரிவதில் முடிகிறது. ரோமர்கள் வேண்டும் என்பதால் 2023-ல் வந்த ரிட்டர்ன் ஆஃப் ரோம் டிஎல்சி (தனியாக வாங்கும் கூடுதல் பகுதி) அவசியம். அது வருவதற்கு முன் ரோமுக்குப் பதிலாக பைசாந்தியத்தைப் போட்டு ஒப்பேற்றினோம். ரோமர்களுக்கே உரிய லீஜனரி, செஞ்சுரியன் வீரர்கள் வந்த பிறகு அந்தப் பிழைப்பு எதற்கு.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுவர் கட்டி, டவர் அடுக்கி, அலை அலையாக வருகிறவனை அடித்துக்கொண்டே இருக்கிற ஆட்டம் இல்லை இது. அந்த மாதிரி மேப் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. ரோமை இடித்துத் தள்ள வேண்டும் என்று வந்தவர்களைவிட, ரோமிடம் நிலமும் சோறும் சம்பளமும் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். கேட்டதைக் கொடுக்க வழி இருந்தவரை அவர்களே ரோமின் படை. கையில் காசு இல்லாமல் போனபோது அதே ஆட்கள் படையெடுப்பாளர்கள். கேம்பைன் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் சினாரியோவில் நீங்கள் திரேஸ் மாகாணத்து ரோம அதிகாரி. ஹூணர்களுக்குப் பயந்து ஓடிவந்த கோத்துகள் ஆற்றைக் கடக்க பேரரசர் வேலன்ஸ் அனுமதி கொடுத்துவிட்டார். படகு படகாக வந்து இறங்குகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று உங்கள் ஃபுட் குறைந்துகொண்டே போகும். அதே ஃபுட்டை வண்டியில் ஏற்றி சந்தைக்கு அனுப்பினால் கோல்ட் கிடைக்கும். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் பாடு. ஒரு சினாரியோவில் நடந்ததை அடுத்ததற்குக் கடத்துவது இந்த ஆட்டத்தில் லேசான காரியம் இல்லை. அதனால் 376-ஐயும் 378-ல் நடந்த ஏட்ரியனோப்பிள் போரையும் ஒரே மேப்பில் வைத்திருக்கிறேன்.

ஃபைல் கீழே. ஆடிவிட்டுத் திட்டுங்கள்.

ஹஸ்கார்ல்77 எழுதியது:

தல, முதல் மேப் முடித்தேன். பார்க்க அழகாக இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் இருந்த ஃபுட் மொத்தத்தையும் கோத்துகளுக்கே கொட்டினேன். ஒரு வண்டிகூட சந்தைக்கு அனுப்பவில்லை. அப்படியும் கலகம் வந்துவிட்டது. எப்படி ஆடினாலும் அடிதான் விழும் என்றால் நான் எதற்கு அவர்களுக்குச் சோறு போட வேண்டும்? பேசாமல் எல்லாவற்றையும் விற்றுக் காசாக்கி லீஜனரி இறக்கியிருப்பேனே. ஆட்டம் ஆட வந்தவனை ரேஷன் கடை நடத்த வைத்துவிட்டீர்கள்.

மேப்_தச்சன் எழுதியது:

கலகம் எப்படியும் வரும். எத்தனை பேர் கலகக்காரர்களாக மாறுகிறார்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. ஃபுட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு பங்கு கோத்துகள் வில்லேஜராகவே தங்கிவிடுவார்கள். ஏட்ரியனோப்பிளில் உங்கள் பக்கம் நிற்கிற கோத் வீரர்களும் உண்டு. விற்றுக் காசாக்கினால் லீஜனரி ஏறும், ஆனால் எதிரே நிற்கிற கூட்டம் அதைவிட வேகமாக ஏறும். ரெண்டு வழியிலும் ஆடிப் பாருங்கள்.

வரலாறு_வாத்தியார் எழுதியது:

விற்றுக் காசாக்கியிருப்பேன் என்கிறார் ஹஸ்கார்ல். கோத்துகளைக் கவனிக்க வேண்டிய ரோம அதிகாரி லூபிகினஸும் அதையேதான் செய்தார், ஆகவே வரலாற்றுக்கு ஒரு குந்தகமும் இல்லை.

அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதி வைத்திருப்பது இது: லூபிகினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு அதிகாரிகள் கோத்துகளைப் பட்டினி போட்டு, கிடைத்த நாய்களையெல்லாம் பிடித்து அவர்களுக்கே விற்றார்கள். ஒரு நாய்க்கு விலை ஓர் அடிமை. பிள்ளைகளைக் கொடுத்து நாய்க்கறி வாங்கினார்கள். அதோடு விடவில்லை. மார்கியானோப்பிள் நகரத்தில் கோத் தலைவர்களுக்கு விருந்து என்று கூப்பிட்டார்கள். வெளியே சோறு வாங்க நின்ற கோத்துகளுக்கும் நகரத்துக் காவலர்களுக்கும் கைகலப்பு ஆனது. உடனே லூபிகினஸ் தலைவர்களோடு வந்திருந்த மெய்க்காவலர்களைக் கொல்லச் சொன்னார். ‘நான் வெளியே போய் முகத்தைக் காட்டினால்தான் கூட்டம் அடங்கும்’ என்று பேசியே கோத் தலைவர் ஃபிரிட்டிகெர்ன் தப்பித்தார். அதன்பிறகு ஏது சமாதானம்.

378 ஆகஸ்ட் 9 அன்று ஏட்ரியனோப்பிளில் நடந்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேலன்ஸின் அவசரம். மேற்கிலிருந்து அங்கே ஆண்ட பேரரசர் கிராஷியன் படையோடு வந்துகொண்டிருந்தார். காத்திருந்தால் போதும். காத்திருக்கவில்லை. வெயிலில் நடத்தியே கூட்டி வந்த படையைத் தாகத்தோடும் பசியோடும் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பக்கம் ஃபிரிட்டிகெர்ன் வயலுக்குத் தீ வைத்துவிட்டு, தூது மேல் தூது அனுப்பி நேரத்தைக் கடத்தினார். வெளியே போயிருந்த கோத் குதிரைப்படை திரும்பி வருவதற்காக. வந்தது. ரோமப் படையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது, வேலன்ஸின் உடல்கூட கிடைக்கவில்லை.

மேப்பில் அந்த விருந்து இருக்கிறதா தச்சரே?

மேப்_தச்சன் எழுதியது:

இருக்கிறது வாத்தியாரே. மார்கியானோப்பிள் வாசலுக்கு ஃபிரிட்டிகெர்னைக் கூட்டி வந்தால் விருந்து டிரிகர் (இது நடந்தால் அது நடக்கும் என்று மேப்பில் வைக்கும் கட்டளை) ஓடும். கூட்டி வராமலே இருக்கலாம், அப்போது கலகம் கொஞ்சம் தள்ளிப்போகும். குதிரைப்படை வருவதற்கு டைமர் வைத்திருக்கிறேன். தூதுவர்கள் வரும்போது பேசிக்கொண்டே இருந்தால் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். கிராஷியன் வருகிற டைமரும் தனியாக ஓடுகிறது, ஆனால் அது திரையில் தெரியாது. தெரிந்தால் எல்லோரும் காத்திருப்பார்கள்.

டோட்டல்வார்_தாத்தா எழுதியது:

நல்ல முயற்சி தம்பி, பாராட்டு. ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு இது சரியான ஆட்டம் இல்லை. 2005-லேயே ரோம் டோட்டல் வாருக்கு பார்பேரியன் இன்வேஷன் வந்தது. 363-ல் தொடங்கும். ஒரு கூட்டத்தின் கடைசி ஊரைப் பிடித்து ‘ஆயிற்று, ஒழிந்தார்கள்’ என்று நிமிர்ந்தால், மொத்த ஜனமும் வண்டி கட்டிக்கொண்டு பெரும்படையாக அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். ஒருத்தனை அடித்தால் அவன் அடுத்தவனைத் தள்ளுவான், அவன் உன் தலையில் வந்து விழுவான். அந்த ஓட்டத்தை வேறு எந்த ஆட்டமும் அப்படிக் காட்டியதில்லை.

2015-ல் வந்த டோட்டல் வார் அட்டிலா இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. 395-ல் மேற்கு ரோமை எடுத்தால் மேப்பில் பாதி உன்னுடையது, கஜானா காலி, நாலு பக்கமும் எதிரி, வருஷம் போகப் போகக் குளிரும் கூடும். பலர் பிரிட்டனைத் தாங்களே கொளுத்திவிட்டு இத்தாலிக்கு ஓடிவந்து சேர்வார்கள். நீ சொல்கிற காசு விஷயம் அங்கே ஆட்டத்திலேயே ஊறிக் கிடக்கிறது. இங்கே டிரிகர் வைத்து இழுத்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

மேப்_தச்சன் எழுதியது:

தாத்தா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பேரரசு மொத்தத்தையும் காட்ட அட்டிலாதான் சரி. ஆனால் அங்கே பசி என்பது ஒரு எண். மாகாணத்துப் பட்டியலில் சிவப்பாகத் தெரியும், அடுத்த டர்னுக்குப் போய்விடுவோம். இங்கே ஆற்றங்கரையில் வில்லேஜர்கள் கும்பலாக நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, வண்டி அவர்களைத் தாண்டி சந்தைக்குப் போவதும் தெரிகிறது. இன்னொன்று, சினாரியோ எடிட்டரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டிவிட முடிகிறது. டோட்டல் வாரில் ஒரு பிரிவைச் சேர்க்கவே எத்தனை ஃபைலைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

புதுப்பையன் எழுதியது:

அண்ணா, ரெண்டாவது மேப்பில் மாட்டிக்கொண்டேன். ரைன் நதி பனியாக உறைந்து, வாண்டல், ஆலன், சுவேபி என்ற இனத்தார் எல்லோரும் நடந்தே வருகிறார்கள். இருக்கிற படையை வைத்து அவர்களைத் தடுக்கவே முடியவில்லை. இத்தாலியில் இருந்து படையைக் கொண்டுவந்தால் அங்கே கோத் தலைவன் அலாரிக் உள்ளே வந்துவிடுகிறான். எப்படி ஜெயிப்பது?

மேப்_தச்சன் எழுதியது:

ரைனைக் காப்பாற்ற முடியாது தம்பி, அதற்கு முயற்சியும் வேண்டாம். அந்த மேப்பில் நீங்கள் மேற்கு ரோமின் தளபதி ஸ்டிலிகோ. 405-லும் 406-லும் ராடகைசஸ் என்ற இன்னொரு கோத் தலைவன் பெரும்படையோடு இத்தாலிக்குள் வந்துவிட்டதால் எல்லையில் இருந்த படையை உள்ளே இழுத்தாகிவிட்டது. வெற்றி நிபந்தனையைத் திறந்து பாருங்கள்: ‘இத்தாலியில் படை மிஞ்ச வேண்டும்’ என்றுதான் இருக்கும், கோல் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனாலும் கோலில் சேதத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்திலேயே பிராங்குகளுக்கு கோல்ட் ட்ரிப்யூட் அனுப்புங்கள். நண்பர்களாக மாறி முதல் அடியை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

வரலாறு_வாத்தியார் எழுதியது:

பிராங்குகள் விஷயம் நடந்ததுதான். ஆற்றைக் கடப்பதற்கு முன்பே அவர்கள் வாண்டல்களோடு மோதி, வாண்டல் அரசன் கோடிகிசலைக் கொன்றார்கள். ஆலன்கள் வந்து சேரவில்லையென்றால் வாண்டல்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பனிக்கு மட்டும் என் ஆட்சேபம். 406 டிசம்பர் 31 என்று தேதி சொல்கிற அந்தக் காலத்துக் குறிப்பில் நதி உறைந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. மாதம் டிசம்பர், ஆகவே உறைந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தது எல்லாப் புத்தகத்துக்கும் பரவிவிட்டது.

மேப்_தச்சன் எழுதியது:

தெரியும் வாத்தியாரே. பாலம் வைத்தால் யூனிட் எல்லாம் முட்டிக்கொண்டு பாலத்தின் வாயிலேயே நின்றுவிடுகிறது. படகு வைத்தால் கணினிக்காக ஆடுகிற ஏஐ பாதிப் பேரை இறக்காமல் ஆற்றிலேயே சுற்றுகிறது. பனி போட்டால் பரந்து நடந்து வருகிறார்கள், பார்ப்பதற்கும் பயமாக இருக்கிறது. மேப்பின் முன்னுரையில் ‘உறைந்தது என்பது ஊகம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

நெய்தல் எழுதியது:

மூன்றாவது மேப்தான் எனக்குப் பிடித்தது. திடீரென்று நம்மைக் கோத்துகள் பக்கம் உட்கார வைத்தது நல்ல யோசனை. 408-ல் ஸ்டிலிகோவைக் கொன்றவுடன் இத்தாலிய ஊர்களில் இருந்த கோத் வீரர்களின் பெண்டாட்டி பிள்ளைகளை ரோமர்களே வெட்டுகிறார்கள். அடுத்த நிமிஷம் சிவப்பு நிற யூனிட்டுகள் கும்பல் கும்பலாக நம் நிறத்துக்கு மாறி நம்மை நோக்கி நடந்து வருகின்றன. ஒரு வசனமும் இல்லாமல் வெறும் சேஞ்ச் ஓனர்ஷிப் டிரிகரில் இவ்வளவு செய்ய முடியுமா என்று இருந்தது.

ஒரு சந்தேகம். அலாரிக் கேட்கிற பட்டியலில் மிளகு வருகிறதே, அது விளையாட்டுக்குச் சேர்த்ததா?

மேப்_தச்சன் எழுதியது:

இல்லை அக்கா, அசல் பட்டியல்தான். ரோம் நகரத்தின் முதல் முற்றுகையைத் தூக்க அலாரிக் வாங்கியது 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய 3,000 தோல், 3,000 பவுண்டு மிளகு. ரோமப் பவுண்டு நம் கணக்கில் ஏறக்குறைய 327 கிராம். அப்படியென்றால் மிளகு மட்டும் கிட்டத்தட்ட ஒரு டன். ஆட்டத்தில் நாலு பொருள்தானே உண்டு, அதனால் மிளகை ஃபுட்டாக வைத்தேன்.

நெய்தல் எழுதியது:

ஒரு டன்! அது சேர நாட்டுப் பக்கத்து மலையில் காய்த்ததாகத்தானே இருக்க வேண்டும். முசிறித் துறையில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டில் படித்தபோது அது ஏதோ பணக்காரர்களின் சமையலறைச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். முற்றுகையைத் தூக்குவதற்கு விலையாகவே கேட்கிறார்கள் என்றால் அதன் மதிப்பு வேறுதான்.

வரலாறு_வாத்தியார் எழுதியது:

ரோம் நகரத்தில் மிளகுக்கென்றே கிடங்கு இருந்தது. முதல் நூற்றாண்டில் டொமிஷியன் கட்டியது, ஃபோரத்தை ஒட்டியே. மேப்பில் ஒரு கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைக்கலாம் தச்சரே.

ஹஸ்கார்ல்77 எழுதியது:

மிளகெல்லாம் சரி. நம் கையில் கோத்துகளைக் கொடுத்துவிட்டு சீஜ் வொர்க்‌ஷாப்பையும் கேஸ்டிலையும் பூட்டி வைத்திருக்கிறீர்களே, இது நியாயமா? இந்த இனத்தின் ருசியே பாரக்ஸில் இருந்து ஹஸ்கார்ல் (அம்புக்கு அசராத காலாள்) ஊற்றாகப் பொங்குவதுதான். ஹஸ்கார்லை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்கிறேன். அம்பு என்னை ஒன்றும் செய்யவில்லை, என் கத்தி சுவரை ஒன்றும் செய்யவில்லை. சுவரை இடிக்க ஒரு ராம் கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

மேப்_தச்சன் எழுதியது:

ராம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் ரோம் முடிந்துவிடும். அலாரிக் சுவரை இடிக்கவில்லை. ஏட்ரியனோப்பிளில் ஜெயித்த கையோடு அந்த நகரத்தைப் பிடிக்கப் போய்த் தோற்றவர்கள் கோத்துகள். சுவர்களோடு தனக்குச் சண்டையில்லை என்பது ஃபிரிட்டிகெர்ன் தன் ஆட்களுக்குச் சொன்னது. ரோமின் ஆரேலியன் சுவர் சுமார் 19 கிலோமீட்டர். அதைச் சுற்றி நின்று இடிப்பதைவிட, தானியக் கப்பல் வந்து இறங்குகிற போர்ட்டஸ் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், ஊர் தானாகப் பசியில் விழும். மேப்பில் நதி முகத்துவாரத்துக்குப் படையை அனுப்பிப் பாருங்கள்.

கதவு 410 ஆகஸ்ட் 24 ராத்திரி சலாரியன் வாசலில் திறக்கிறது. யார் திறந்தார்கள் என்பதில் பழைய ஆசிரியர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் அங்கே சான்ஸ் கண்டிஷன் போட்டு ரெண்டு விதமாக வருகிற மாதிரி செய்திருக்கிறேன். உள்ளே போனபிறகு தேவாலயங்களில் கை வைத்தால் தோல்வி.

புதுப்பையன் எழுதியது:

ராவென்னா பக்கம் ஒரு வாத்து தனியாகச் சுற்றுகிறது, அதன் பெயர் ‘ரோமா’ என்று வருகிறது. அது பக்-ஆ?

மேப்_தச்சன் எழுதியது:

பக் இல்லை தம்பி. ராவென்னாவில் இருந்த பேரரசர் ஹொனோரியஸிடம் ‘ரோமா அழிந்துவிட்டது’ என்று சொன்னபோது அவர் தன் செல்லக் கோழி செத்துவிட்டது என்று பதறிப்போனாராம், ‘இப்போதுதானே என் கையில் தின்றது’ என்று கேட்டாராம். அந்தக் கோழியின் பெயர் ரோமா. நகரம்தான் போனது என்று தெரிந்ததும் மூச்சு வந்ததாம். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து புரோகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய கதை, யாராவது கிண்டலுக்குக் கட்டியதாகத்தான் இருக்கும். இருந்தாலும் விட மனசில்லை.

வரலாறு_வாத்தியார் எழுதியது:

கோழிக்குப் பதில் வாத்து போட்டதும் பொருத்தம்தான். அந்தக் காலத்துக் கோல் இனத்தார் படையெடுத்து வந்தபோது வாத்து கத்தித்தான் ரோம் தப்பித்ததாக ஒரு கதை உண்டு. எண்ணூறு வருஷம் கழித்து அதன் வம்சம் ராவென்னாவில் ஓய்வெடுக்கிறது.

டோட்டல்வார்_தாத்தா எழுதியது:

எல்லாம் ஆடி முடித்தேன். நாலாவது மேப்பில் வாண்டல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள், அஞ்சாவதில் கப்பல் சண்டை. நடுவில் ஹூணர் அரசன் அட்டிலா எங்கே? பார்பேரியன் படையெடுப்பு என்று பெயர் வைத்துவிட்டு அட்டிலாவை விட்டவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேப்_தச்சன் எழுதியது:

வேண்டுமென்றேதான் விட்டேன். 2000-ல் இதே ஆட்டத்தின் கான்க்கரர்ஸ் விரிவாக்கத்தில் வந்த அட்டிலா கேம்பைனை எல்லோரும் மனப்பாடமாக ஆடியிருக்கிறார்கள். அது தவிர, அட்டிலா ரோமிடம் வாங்கியது கப்பம். 447-க்குப் பிறகு கிழக்கு ரோம் வருஷத்துக்கு 2,100 பவுண்டு தங்கம் கொடுத்தது. கொடுக்க முடிந்தது, கொடுத்தார்கள். 451-ல் கோலில் ரோமத் தளபதி ஏட்டியஸ் தடுத்தார், 453-ல் ஆள் செத்தார், அடுத்த வருஷமே அவர் ராஜ்ஜியம் உடைந்தது. வாண்டல் அரசன் கைசெரிக் அப்படியில்லை. 429-ல் குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து 80,000 பேரோடு கடலைக் கடந்து, 439 அக்டோபர் 19-ல் கார்த்தேஜைப் பிடித்தார். ரோமின் தானியமும், மேற்கில் மிச்சமிருந்த நல்ல வரிப் பணமும் வந்தது அங்கிருந்துதான். படை அதிகம் தேவைப்படாத பகுதி, செலவு கம்மி, வரவு அதிகம். அது போன பிறகு மேற்கு ரோம் எந்தப் போரில் ஜெயித்தும் ஒன்றுமில்லை, ஜெயித்த படைக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை.

அதனால்தான் நாலாவது மேப்பில் உங்கள் கோல்ட் எல்லாம் கார்த்தேஜ் கப்பல் வழியாகவே வருகிறது.

ஹஸ்கார்ல்77 எழுதியது:

அந்த மேப்பில் கார்த்தேஜ் விழுந்ததும் என் கோல்ட் நின்றது. கூலிப்படைகள் ஒவ்வொன்றாக டிப்ளமசியை மாற்றிக்கொண்டு எதிரியாகின. நான் செய்ய ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நீங்கள் சொல்ல வந்தது புரிகிறது தல, ஆனால் புரிய வைப்பதற்காக என் கையைக் கட்டிப்போட்டால் அது ஆட்டமா?

வரலாறு_வாத்தியார் எழுதியது:

இந்த இடத்தில் நான் ஹஸ்கார்ல் பக்கம். அன்றைய அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. படைக்குச் சம்பளம் போதவில்லை என்று வெளிப்படையாகவே சட்டத்தில் எழுதி, 444-ஐ ஒட்டி விற்பனைக்கெல்லாம் இருபத்துநான்கில் ஒரு பங்கு வரி போட்டார்கள். வாங்குகிறவன் பாதி, விற்கிறவன் பாதி. ஆட்டத்தில் அதற்கு வழி இருக்கிறதா?

மேப்_தச்சன் எழுதியது:

இருக்கிறது. மார்க்கெட்டில் விற்றால் வாங்கினால் ஏற்கெனவே முப்பது சதவீதம் கமிஷன் போகிறது. ‘வரி போடு’ என்று ஒரு தேர்வு வைத்து, போட்டால் கோல்ட் சொட்டுச் சொட்டாக வரும், ஆனால் நகரங்களில் வில்லேஜர் குறைந்துகொண்டே வருவார்கள் என்று செய்யலாம். நல்ல யோசனை வாத்தியாரே.

டோட்டல்வார்_தாத்தா எழுதியது:

தம்பி, உன் கைசெரிக் பேச்சைப் படித்துவிட்டு யோசித்தேன். நீ சொல்வதை வைத்தே உன்னை மடக்குகிறேன். 441-ல் கார்த்தேஜை மீட்க கிழக்கு ரோம் பெரிய கப்பற்படை அனுப்பியது, சிசிலி வரை வந்து சேர்ந்தது. ஏன் திரும்பிப் போனது? அட்டிலாவும் அவன் அண்ணன் பிளேடாவும் டான்யூப் எல்லையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததால். அடுத்த வருஷம் கைசெரிக்கோடு ஒப்பந்தம் போட்டு ஆப்பிரிக்காவின் நல்ல பகுதியை அவனுக்கே எழுதிக் கொடுத்தார்கள். அட்டிலா கார்த்தேஜ் பக்கம் கால் வைக்காமலே கார்த்தேஜை ரோமுக்கு இல்லாமல் ஆக்கினான். இப்போது சொல், அவன் உன் கேம்பைனில் வேண்டுமா வேண்டாமா?

மேப்_தச்சன் எழுதியது:

தாத்தா, இது அருமை. தனி மேப்பே வேண்டாம், நாலாவதிலேயே வைக்கலாம். சிசிலியில் கிழக்குக் கப்பல்கள் வந்து இறங்கட்டும். வடக்கு மூலையில் ஹூணர் முகாம், அங்கிருந்து தூது: இவ்வளவு கோல்ட். கொடுத்தால் கப்பல்கள் தங்கும். கொடுக்காவிட்டால் திரும்பிவிடும். கார்த்தேஜ் போனபிறகு அந்த கோல்டைச் சேர்க்க வேண்டுமென்றால் வாத்தியார் சொன்ன வரியைப் போட்டாக வேண்டும், வரி போட்டால் ஊர்கள் காலியாகும். ஹஸ்கார்லுக்குக் கையில் வேலை வந்துவிடும்.

பார்த்துக் கட்ட வேண்டியது ஒன்றுதான்: ஏஐ ஓடுகிற பிளேயரிடம் கப்பலைக் கொடுத்தால் டிரிகர் சொல்வதை விட்டுவிட்டு அது தன் இஷ்டத்துக்கு ஓட்டும். கிழக்கு ரோமுக்கு ஏஐ-யை எடுத்துவிட்டு முழுக்க டிரிகரிலேயே நடத்த வேண்டும்.

நெய்தல் எழுதியது:

அஞ்சாவது மேப் பற்றி யாரும் பேசவில்லையே. 468, போன் முனை. கிழக்கு ரோமின் 1,100 கப்பல், தலைமை பசிலிஸ்கஸ். கைசெரிக்கின் தூதுவன் வந்து அஞ்சு நாள் அவகாசம் கேட்கிறான். ‘சரி’ என்றால் கொஞ்சம் கோல்ட் வருகிறது, காற்று திரும்புகிறது, அப்புறம் ஃபயர் ஷிப்பும் டெமாலிஷன் ஷிப்பும் நெருக்கி நிற்கிற நம் கப்பல்களுக்குள் புகுந்துவிடுகின்றன. நான் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுக் கரையில் ஆளை இறக்கி நேராகக் கார்த்தேஜுக்குப் போனேன். ஜெயித்துவிட்டேன்! இது அனுமதிக்கப்பட்டதா, இல்லை ஏதாவது ஓட்டையா?

வரலாறு_வாத்தியார் எழுதியது:

அனுமதிக்கத்தான் வேண்டும் அம்மா. புரோகோப்பியஸும் அதைத்தான் சொல்கிறார், உடனே போயிருந்தால் கார்த்தேஜ் விழுந்திருக்கும் என்று. கிழக்கு ரோம் கஜானாவைச் சுரண்டி அனுப்பிய படை அது. தோற்றபிறகு இன்னொரு முறை அனுப்பக் காசு இல்லை. ரோமுக்கு நிஜமாகவே வாய்ப்பு இருந்த கடைசி இடம் இது. ரைனில் ஜெயிக்க விடாதது சரி, இங்கே ஜெயிக்க விடுவதும் சரி.

ஹஸ்கார்ல்77 எழுதியது:

அக்கா, ஆளை எங்கே இறக்கினீர்கள்? கிழக்குப் பக்கமா? எனக்கு அங்கே வாண்டல் குதிரைகள் வந்து மொத்தத்தையும் முடித்துவிட்டன.

நெய்தல் எழுதியது:

கிழக்கே இறக்கினால் அவ்வளவுதான். முனையைச் சுற்றி மேற்கே வாருங்கள், வளைகுடாவுக்குள். முதலில் ஸ்கார்ப்பியன் (பெரிய அம்பு எய்யும் பொறி) இறக்குங்கள், ரோமர்களுக்கு அது மலிவு. பாலிஸ்டாஸ் ஆராய்ச்சியையும் முடித்துவிட்டால் குதிரை கிட்டே வரவே யோசிக்கும். லீஜனரி அப்புறம் வரட்டும்.

புதுப்பையன் எழுதியது:

476 இல்லையே அண்ணா? கடைசிப் பேரரசரை இறக்குவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்களே.

மேப்_தச்சன் எழுதியது:

அதை வைத்து ஒரு மேப் கட்ட முடியாது தம்பி. இத்தாலியில் இருந்த கூலிப்படை மூன்றில் ஒரு பங்கு நிலம் கேட்டது. இத்தாலியைக் கையில் வைத்திருந்த தளபதி ஒரெஸ்டெஸ் மறுத்தார். கூலிப்படைத் தலைவன் ஓடோவாக்கர் அவரைக் கொன்று, பேரரசராக இருந்த அவருடைய சின்னப் பையன் ரோமுலஸைப் பதவியில் இருந்து இறக்கி, ஓய்வூதியமும் கொடுத்து காம்பானியாவுக்கு அனுப்பி வைத்தார். அரச சின்னங்கள் கான்ஸ்டான்டினோப்பிளுக்கு, கிழக்குப் பேரரசர் சீனோவிடம் போயின. சண்டை என்று பார்த்தால் ஒரு மத்தியான நேரத்துக்குக்கூட வராது. கேம்பைனின் முடிவுத் திரையில் ஒரு படமும் நாலு வரியும் போட்டுவிடலாம். யாராவது வரைந்து கொடுத்தால் நல்லது.

ஹஸ்கார்ல்77 எழுதியது:

படம் நான் வரைகிறேன். பதிலுக்கு மூன்றாவது மேப்பில் ஒரே ஒரு ராம்.

மேப்_தச்சன் எழுதியது:

ராம் கிடையாது. மிளகுக் கிடங்குக்கு உங்கள் பெயர் வைக்கிறேன், சம்மதமா?

புதிய ஃபைல் முதல் பதிவிலேயே மாற்றி வைத்திருக்கிறேன். ஹூணர் தூது, வரித் தேர்வு, பனி பற்றிய வரி மூன்றும் சேர்த்தாயிற்று. பழைய சேவ் கேமைத் திறக்காதீர்கள், புது டிரிகர்கள் அதில் ஓடாது. நாலாவது மேப்பை முதலில் இருந்து ஆடுங்கள். ஹூணர்களுக்கு கோல்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு வரி போட்டவர்கள், முதலிலேயே வரி போட்டவர்கள், ரெண்டு பேருக்கும் கிழக்குக் கப்பல் எத்தனை மிஞ்சுகிறது என்று இங்கே எழுதுங்கள். அதை வைத்துத்தான் தூது கேட்கிற தொகையைச் சரிசெய்ய வேண்டும்.